சண்டைக்கார கடல்மீன்களை ஒரே தொட்டியில் வளர்ப்பது எப்படி?

கிளாத்தி (டிரிகர் மீன்), களவா (குரூப்பர்), பாம்பு போல நீண்ட அஞ்சாலை (மோரே ஈல்) மூன்றையும் ஒன்றாக வளர்க்கலாம். யாரை முதலில் இறக்குகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் வந்த மீன் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருவதற்கு அடிதான். அதனால் சண்டை குறைந்த அஞ்சாலை முதலில், பிறகு களவா, கடைசியாக முரட்டுக் கிளாத்தி. ஒரே இனத்தில் இரண்டு வேண்டாம். உடல்வாகும் நிறமும் ஒத்த மீன்களும் முட்டிக்கொள்ளும். லயன் மீனைக் கிளாத்தியோடு விட்டால் அதன் நீண்ட துடுப்புகளைக் கிளாத்தி கடித்துப் பிய்த்துவிடும்.

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கிட்டத்தட்ட 680 லிட்டர். சந்தைக்கு வரும் பெரிய களவா இனங்களின் குஞ்சு இதற்கு ஆகாது, வளர்ந்தால் தொட்டி கொள்ளாது. வாயில் நுழையும் அளவுள்ள எந்த மீனையும் களவா விழுங்கிவிடும்.

தண்ணீரைக் காற்றுப் பார்த்து எடுங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும், வடகடலில் (பாக் விரிகுடா) எடுக்கலாம். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் தென்கடல். அடைமழைக்குப் பின் உப்பு இறங்கியிருக்கும். அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருக்கிறதா என்று அளந்த பிறகே ஊற்றுங்கள். மீன் விடுமுன் 4 முதல் 6 வாரம் ஃபில்டரை ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகியிருப்பதைச் சோதியுங்கள்.

கரையில் ஒதுங்கிய பவளக்கல்லைக்கூட எடுக்காதீர்கள். பவளங்களுக்கு 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முழுப் பாதுகாப்பு உண்டு. செராமிக் கல்லும் பிவிசி குழாயும் போதும். கல்லைக் கண்ணாடித் தரையில் பதித்துவிட்டுப் பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் வைத்தால் கிளாத்தி தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். ஒரு மூலையிலிருந்து பார்த்தால் மறுமூலை தெரியாதபடி அடுக்குவது முக்கியம்: கண்ணில் படாத மீனைத் துரத்த முடியாது.

புதிய மீனை இறக்கும் நாளில் கல்லை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீனும் தன் எல்லையைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். புதியதைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் வைத்து, தொட்டிக்குள்ளேயே 5 முதல் 7 நாள் மிதக்க விடுங்கள். கூடையை இடித்து முட்டுவது ஓயும்வரை திறக்க வேண்டாம். திறந்தபின் கொஞ்சம் துரத்துவது சகஜம். வால் கிழிந்து, இரை எடுக்காமல் மேல்மூலையில் ஒதுங்கி நின்றால் அன்றே பிரித்துவிடுங்கள், மறுநாள்வரை தாங்காது.

இறால், கணவாய், சிப்பிச் சதை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாளையை மட்டுமே போட்டால் வைட்டமின் பி1 குறைந்துபோகும். கிளாத்திக்கு ஒரு மூலையில் போட்டு இழுத்துக்கொண்டு, அதே நேரத்தில் அஞ்சாலைக்கு நீண்ட இடுக்கியால் மறுமூலையில் கொடுங்கள். அதற்குக் கண் மந்தம், விரலையும் இரை என்று கவ்வும். கிளாத்திக்குத் தினமும், மற்ற இரண்டுக்கும் வாரம் இரண்டு மூன்று முறை.

இவை தின்னும் அளவுக்குக் கழிவும் அதிகம். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கு வாங்கி, வாரம் 20 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள், கிளாத்தி கடிக்கும். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அஞ்சாலை வெளியேறிவிடும். மேலே ஒரு செங்கல்லும் வையுங்கள்.