டெல்டான்னு எதை சொல்லணும், எதை சொல்லக்கூடாது

"எந்த ஊரு நீங்க"ன்னு வெளியூர்ல கேட்டா நம்மள்ல பாதி பேர் "டெல்டாங்க"ன்னுதான் சொல்றோம், ஆனா பத்தாவது படிக்கிற புள்ள அதுக்கு அர்த்தம் கேட்டா முழிக்கிறோம், அதான் இதை எழுதுறேன்.

கிரேக்க எழுத்து வரிசைல நாலாவது எழுத்து டெல்டா, பெரிய எழுத்தா போட்டா முக்கோணம். எகிப்துல நைல் ஆறு கடல்ல சேரும் முன்னாடி கிளை கிளையா பிரிஞ்சு முக்கோணமா விரியுது, அந்த நிலத்துக்கு கிரேக்கர்கள் இந்த எழுத்தோட பேரையே வச்சுட்டாங்க, ஹெரோடோட்டஸ்ங்கிற கிரேக்க வரலாற்று ஆசிரியர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுலயே எழுதியிருக்கார். பின்னாடி எந்த ஆறு அப்படி விரிஞ்சாலும் அதே பேர்தான்.

நம்ம காவிரி முக்கோணத்தை பாக்க வலது கையை கவுத்து மேசை மேல விரிச்சு வைங்க, விரல் கிழக்க பாக்கட்டும். மணிக்கட்டுதான் ஆறு பிரியுற முக்கொம்பு, கல்லணை. கட்டை விரல் கொள்ளிடம், ஆள்காட்டி விரல் காவிரி, அடுத்த ரெண்டும் அரசலாறு, வெண்ணாறு, சுண்டு விரல் கல்லணைக் கால்வாய். குடமுருட்டி, வெட்டாறுன்னு இன்னும் நெறைய இருக்கு, விரல்தான் பத்தாது. சுண்டு விரல் மட்டும் ஆறு இல்ல, 1934ல வந்த கால்வாய், அதனாலதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்தை புது டெல்டாங்கிறோம்.

இப்ப எப்படி சொல்றதுன்னு பாப்போம். டெல்டாங்கிறது ஆறு இல்ல, நிலம், விரலும் விரலுக்கு நடுவுல இருக்கிற எடமும் சேந்தது. அதனால "டெல்டா ஆறு ஓடுது"ன்னு எழுதாதீங்க, "டெல்டாவுக்கு தண்ணி தொறந்துட்டாங்க"ன்னா சரி. குடகுலேர்ந்து கடல் வரைக்கும் மொத்தமா சொல்லணும்னா அது காவிரிப் படுகை. மேட்டூர் படுகைல இருக்கு, டெல்டால இல்ல, இதை டிவிலயே மாத்தி சொல்றாங்க. பூம்புகார்ல ஆறு கடல்ல கலக்குற எடம் முகத்துவாரம், அது டெல்டாவோட ஒரு ஓரம், அவ்ளோதான்.

டெல்டா எதால ஆனதுன்னு புள்ளைக்கு காட்டணும்னா புதுத்தண்ணி வர்ற அன்னிக்கு வாய்க்கால்ல ஒரு சொம்பு மோந்து ராத்திரி பூரா அசையாம வைங்க, காலைல மேல தெளிஞ்சிருக்கும், அடில மாவு மாதிரி படிஞ்சிருக்கும், அதான் வண்டல். இப்பல்லாம் அது கம்மி, அணைங்கள்லயே பாதி தங்கிடுது, எனக்கு அது பெரிய வருத்தம்.