ஆர்.சி.1-லேயே கலப்புப் பதிப்புச் சோதனை

பேஸ்மேக்கர் மாதிரியான கிளஸ்டர் மென்பொருளில் (பல கணினிகளை ஒரே குழுவாக இணைத்து, ஒன்று விழுந்தாலும் சேவையைத் தொடரவைப்பது) வெளியீடு சொதப்புவது, பழைய பதிப்பும் புதியதும் ஒரே கிளஸ்டரில் சேர்ந்து ஓடும் அந்த நேரத்தில்தான். இந்தச் சோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியதுதான் எங்கள் தவறு. இப்போது ஆர்.சி.1 (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய முதல் சோதனைப் பதிப்பு) அன்றே புது வசதிகளுக்குக் கதவடைப்பு. பிறகு பிழைத்திருத்தம் மட்டும்.

மூன்று நோடுகள் (கிளஸ்டரில் உள்ள கணினிகள்), ஒவ்வொன்றாக: ஸ்டாண்ட்பையில் (சேவை எதையும் ஓட்டாத நிலையில்) வையுங்கள், சேவைகள் மற்ற நோடுகளுக்கு நகர்ந்ததும் அந்த நோடில் மட்டும் கிளஸ்டர் மென்பொருளை நிறுத்துங்கள், பேக்கேஜை ஏற்றித் திரும்பச் சேருங்கள். பழைய பதிப்பில் மிஞ்சிய கடைசி நோடை வேண்டுமென்றே ரீபூட் செய்து பாருங்கள். ஃபீச்சர் செட் எண்ணின் (நோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பேஸ்மேக்கர் பார்க்கும் மூன்று பகுதி எண்) நடுப் பகுதி மாறிய வெளியீடு என்றால், மற்ற இரண்டும் புதிய எண்ணுக்குத் தாவிவிடும். ரீபூட் ஆன பழைய நோடு திரும்பச் சேர முடியாமல் வெளியே நிற்கும். பிழையல்ல, வடிவமைப்பே அப்படி. ஆனால் வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நள்ளிரவில் யாரோ ஒரு நிர்வாகி தவிப்பார். திருத்தம் பெரிதானால் தயங்காமல் ஆர்.சி.2 விடுகிறோம்.