‘ஒரு யோகியின் சுயசரிதம்’: சாதகராக வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ 1946இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழிலும் பல காலமாகக் கிடைக்கிறது. எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளும், போடும் திட்டங்களும், இடித்துக்கொள்ளும் சுவர்களும் அநேகமாக ஒன்றேதான். எங்களில் பழைய ஆட்கள் எல்லோரும் அதே சுவர்களில் இடித்துக்கொண்டவர்கள் என்பதால் எங்கே வீங்கும் என்று தெரியும். அதனால்தான் இந்தக் குறிப்பு.

புத்தகத்தைப் பூஜை அறையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுவிட்டுப் படிக்காமலே விடுவது, இரண்டு பக்கம் படித்துவிட்டு நாள் முழுக்க ஸ்டேட்டஸ் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

அற்புதங்களை மட்டும் பொறுக்குவது

இரண்டு உடல் எடுத்த சாமியார், வாசனை வரவழைத்தவர், தூங்காத மகான், இமயமலையில் ஒரே இரவில் எழும்பிய மாளிகை. முதல் வாசிப்பில் மனம் இவற்றின் மேல்தான் போய் உட்காரும், அதில் தப்பில்லை. ஆனால் நிறையப் பேர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் ‘இதெல்லாம் நடந்ததுதான்’ என்று அடித்துப் பேசுபவர்கள், இன்னொரு பக்கம் ‘எல்லாம் கட்டுக்கதை’ என்பவர்கள். இரண்டு தரப்பும் வாதாடி முடிப்பதற்குள் பன்னிரண்டாம் அத்தியாயத்தை யாருமே படித்திருக்க மாட்டார்கள்.

அந்த அத்தியாயத்தில் இளைஞன் முகுந்தன், அதாவது பிற்காலத்து யோகானந்தர், செராம்பூர் ஆசிரமத்தில் குரு ஸ்ரீ யுக்தேஸ்வரிடம் வாங்கும் திட்டுதான் பெரும்பகுதி. காலில் கொசு கடிக்கிறது. அடிக்கக் கை ஓங்கியவன், பதஞ்சலி சொன்ன அகிம்சை நினைவுக்கு வர, நிறுத்திவிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த குரு, ஏன் பாதியில் விட்டுவிட்டாய் என்று கேட்கிறார். மனதில் ஏற்கெனவே கொன்றாகிவிட்டதே என்பது அவர் கணக்கு. என்னைக் கேட்டால் பறக்கும் சாமியாரைவிட இந்தக் கொசு ரொம்பப் பெரிய விஷயம். சாதகருக்கு நாளைக் காலையிலேயே பயன்படும்.

இமயமலைக்கு டிக்கெட் போடுவது

வேலையை விடப்போகிறேன், படிப்பை நிறுத்தப்போகிறேன், துவாரஹாட் பக்கம் இமயமலை மகான் பாபாஜியின் குகைக்குப் போய் உட்காரப்போகிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் நாலாம் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கலாம். பள்ளிக்கூட வயதில் முகுந்தன் நண்பர்களோடு வீட்டை விட்டு ஓடி, ஹரித்வார் வரைக்கும் போய், பிடிபட்டு, அண்ணன் அனந்தனோடு வீடு திரும்புகிறான். அத்தோடு புத்தி வந்ததா என்றால் இல்லை. குரு கிடைத்த பிறகும் ஆசிரமத்தை விட்டுக் கிளம்புகிறான். தாரகேஸ்வர் பக்கத்து ஊர் ஒன்றில் ராம் கோபால் என்ற மகான் அவனைப் பிடித்து நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார உனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறதா, அதுதான் உன் குகை என்ற பொருளில் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்.

யுக்தேஸ்வரின் குரு லாஹிரி மகாசயர் கதையும் அப்படித்தான். ராணுவப் பொறியியல் துறையில் கணக்கராக இருந்தவர். 1861இல் தானாப்பூரிலிருந்து ராணிகேத்துக்கு மாற்றல் வருகிறது, அங்கே மலையில் பாபாஜியைச் சந்திக்கிறார். அப்புறம் மாற்றல் தவறுதலாகப் போடப்பட்டது என்று கடிதம் வருகிறது, மனிதர் பேசாமல் திரும்பிப் போய் வேலையில் உட்காருகிறார். 1886இல் ஓய்வூதியம் வாங்கும்வரை உத்தியோகம்தான், குடும்பம்தான். முகுந்தனுக்குக் கல்லூரி பிடிக்கவே இல்லை, ஆனாலும் பட்டம் வாங்கியே ஆகவேண்டும் என்று யுக்தேஸ்வர் பிடிவாதமாக இருந்தார். 1915இல் பட்டம் வாங்கிய பிறகுதான் காவி.

இருபத்தாறாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூச்சைப் பிடிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். இன்னமும் எரிச்சல் வருகிறது.

இருபத்தாறாம் அத்தியாயம், பாபாஜி லாஹிரி மகாசயருக்குக் கொடுத்த தியானப் பயிற்சியான கிரியா யோகத்தின் விஞ்ஞானம் பற்றியது. அரை நிமிடம் எடுக்கும் ஒரு கிரியா, இயற்கையாக நடக்கும் ஒரு வருட ஆன்மிக வளர்ச்சிக்குச் சமம் என்கிறார் யோகானந்தர். ஒரே நாளில் ஆயிரம் கிரியா செய்தால் ஆயிரம் வருடம், அப்படியே மூன்று வருடம் செய்தால் இயற்கை பத்து லட்சம் வருடத்தில் கொடுப்பது கிடைத்துவிடும் என்று கணக்கு போகிறது. உயிர்ச்சக்தியை முதுகெலும்பின் ஆறு மையங்களைச் சுற்றி மேலும் கீழுமாக மனதால் செலுத்துவது என்று ஒரு வாக்கியமும் இருக்கிறது. இதைப் படித்ததும் நம் ஆளுக்குக் கை பரபரக்கிறது. வாக்கியம் கிடைத்தாயிற்று, கணக்கு கிடைத்தாயிற்று, வேறென்ன வேண்டும்? மீதிக்கு யூடியூப் இருக்கவே இருக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் நீளமான பேரேட்டு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். சிவப்பு மையில் கோடு போட்டு நாலு பத்தி: தேதி, காலை, மாலை, வருடம். தினமும் காலையில் 108, மாலையில் 108. ஒரு நாளைக்கு 216 வருடம். பக்கத்தின் அடியில் ‘கொண்டு செல்லப்பட்டது’ என்று எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் ‘கொண்டு வரப்பட்டது’ என்று அதே தொகையை எழுதியிருந்தார்.

“இன்னைக்கு வரைக்கும் ஏழாயிரத்தி நூத்தி இருவத்தெட்டு வருசம் ஆச்சுங்கண்ணா. ஒரு மண்டலம் முடிஞ்சா பத்தாயிரத்தைத் தாண்டிரும்” என்றார்.

பத்து லட்சத்தை 216ஆல் வகுத்து, பதின்மூன்று வருடத்துக்குள் முக்தி என்றும் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் போட்டு வைத்திருந்தார். லாஹிரி மகாசயர் தொழிலிலேயே கணக்கர், அவர்கூட இப்படி ஒரு பேரேடு வைத்திருக்க மாட்டார்.

சரி, செய்வது என்ன என்று காட்டச் சொன்னேன். மூக்கு விடைக்க மூச்சை இழுத்து, முகம் சிவக்கும்வரை அடக்கி, புஸ்ஸென்று விட்டார். ஏதோ ஒரு காணொளியில் பார்த்ததாம். ஆரம்பத்தில் தலை லேசாகி, விரல் நுனியும் உதடும் மரமரத்ததாம். அதைச் சக்தி ஏறுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் யாருக்குமே அப்படி ஆகும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் தலை சுற்றும், கைவிரல் மரத்துப்போகும். அதற்கும் மூலாதாரத்துக்கும் சம்பந்தமில்லை. நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போனார், நிறுத்தவில்லை.

கொஞ்ச நாளில் அவருடைய அம்மா போனில் கூப்பிட்டார். “பையன் தூங்கவே மாட்டேங்கறானுங்க, ராத்திரியெல்லாம் தலை கனக்குதுங்கறான். கேட்டா, ‘உங்களுக்குப் புரியாது’ன்னு எரிஞ்சு விழறானுங்க.” ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ரத்த அழுத்தம் அந்த வயதுக்கு இருக்கவே கூடாத அளவில் இருந்தது. மூச்சு வேலையை விட்டதும், மாத்திரையும் தூக்கமுமாக மெல்லத் தேறினார். ஆனால் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டார். யோகம் எல்லாம் ஏமாற்று என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு அந்தத் தம்பி மேல் பெரிய கோபமில்லை. தூக்கம் கெட்டு, தலை வலித்த சமயத்தில் ‘குண்டலினி எழும்புது, விட்டுராதே’ என்று வாட்ஸப்பில் உசுப்பேற்றியவர்கள் மேல்தான் கோபம். அவர்களில் ஒருவர்கூட முறையாக தீட்சை வாங்கியவர் இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், தடுப்புச் சுவரெல்லாம் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே இருக்கிறது. பொதுமக்கள் படிக்கும் நூலில் கிரியாவை முழுமையாக விளக்க முடியாது, முறையை அதற்கென்று அங்கீகாரம் பெற்ற கிரியா யோகியிடம்தான் கற்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆயிரம் கிரியா கணக்கு முடிந்த கையோடு, இந்தக் குறுக்குவழி ஆழ்ந்த பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்தான், அவர்கள் குருவின் துணையோடு உடலையும் மூளையையும் அதற்குத் தயார் செய்தவர்கள் என்கிறார். புதியவருக்கு அவர் சொல்லும் எண்ணிக்கை பதினான்கில் தொடங்கி இருபதுகளில் நின்றுவிடுகிறது, அதுவும் தினம் இரண்டே வேளை. விடுதலைக்கு ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு, நாற்பத்தெட்டு வருடம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அதற்குள் காலமாகிவிட்டால், செய்த பலன் கூடவே வரும் என்று ஆறுதலும் சொல்கிறார். பெருக்கல் கணக்கை அடிக்கோடிட்டவர்கள் அதை ஒட்டி வரும் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தம்பியின் பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. கணக்கு வரியில் மஞ்சள் மார்க்கர், மற்றதெல்லாம் வெள்ளை.

1935இல் இந்தியா வந்த யோகானந்தர் திருவண்ணாமலைக்கும் போனார். மக்களின் ஆன்மிக உயர்வுக்கு என்ன வழி, அவர்களுக்கு என்ன உபதேசம் செய்யவேண்டும் என்று அவர் ரமணரிடம் கேட்டது ஆசிரம உரையாடல் பதிவுகளில் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள், அவரவர் மனப்பக்குவத்தைப் பொறுத்தது, எல்லோருக்கும் மொத்தமாக உபதேசம் என்று ஒன்று இல்லை என்பதே ரமணரின் பதில். ஆயிரக்கணக்கில் அச்சடித்த புத்தகத்தில் ஏன் முறை இல்லை என்று கோபித்துக்கொள்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

வேண்டுமென்றால் வழி இருக்கிறது. யோகானந்தர் 1917இல் தொடங்கிய யோகதா சத்சங்க சொசைட்டி பாடங்களை வீட்டுக்கே அனுப்புகிறது. முதலில் எளிய பயிற்சிகள், சில மாதம் கழித்துத்தான் கிரியாவுக்கு விண்ணப்பம். லாஹிரி மகாசயரின் மற்ற சீடர்கள் வழியாக வந்த பரம்பரைகளும் உண்டு. எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள எதிரில் ஒரு ஆள் இருக்கவேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, மனநலச் சிகிச்சை இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை, பிறகு சொல்லித் தருபவரிடம் ஒளிக்காமல் ஒரு வார்த்தை.

பதினான்காம் அத்தியாயத்தை அளவுகோலாக்குவது

குரு நெஞ்சில் லேசாகத் தட்டியதும் முகுந்தனுக்குப் பிரபஞ்சமே ஒளியாக விரிகிற இடம். அதைப் படித்துவிட்டு, தியானத்தில் உட்கார்ந்தால் முட்டி வலியைத் தவிர ஒன்றும் வரவில்லையே என்று புலம்பாதவர் இல்லை. முட்டிக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுபவம் முடிந்ததும் குரு, வா, பால்கனியைப் பெருக்கலாம் என்றுதான் கூப்பிடுகிறார்; அவனும் போய்த் துடைப்பத்தை எடுத்து வருகிறான்.

காப்பும் கல்லும்

ஜோதிடம் பற்றிய பதினாறாம் அத்தியாயத்தைப் படித்ததும் காப்பு வாங்கக் கிளம்புபவர்கள், ஜாதகத்தையே தீயில் போட்டுக் கொளுத்திய பையனும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறான் என்பதைக் கவனிக்கவும்.

பரங்கிப்பேட்டைக் குழப்பம்

தமிழ்நாட்டில் இது தனி. 2002இல் ரஜினி படம் வந்த பிறகு பாபாஜி என்ற பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் பரங்கிப்பேட்டையில் பிறந்தார், போகரிடம் கற்றார் என்பதெல்லாம் வேறொரு கிரியா மரபின் நூல்களில் வருபவை. யோகானந்தரோ பாபாஜியின் ஊர், குடும்பம் பற்றிய விவரம் எதுவும் கிடைக்கவில்லை என்றே எழுதுகிறார். இரண்டையும் நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றில் உள்ளதை இன்னொன்றில் உள்ளதாகச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். பயிற்சியிலும் அப்படித்தான், இங்கே பாதி, அங்கே பாதி என்று கலந்து செய்யவேண்டாம்.

குருவைத் தேடி அலைவது

முதலில் புத்தகத்தை இரண்டாம் முறை படியுங்கள்.

அடிக்குறிப்புகளைத் தாண்டுவது

தாண்டாதீர்கள்.

எந்தப் பதிப்பு?

1946இன் முதல் பதிப்பு நாற்பத்தெட்டு அத்தியாயம், கலிபோர்னியாவின் என்சினிடாஸில் முடியும். யோகானந்தர் 1952இல் மறைவதற்கு முன் எழுதிச் சேர்த்த நாற்பத்தொன்பதாவது, அதன் பின்வந்த பதிப்புகளில் இருக்கும். அவர் நூலில் வேறு திருத்தங்களும் செய்திருக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1946 ஆங்கிலப் பிரதிதான். எது உங்கள் கையில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பெரியவர்கள், கடைசி அத்தியாயம் எது என்று ஒரு மாலை முழுக்க மோதிக்கொண்டார்கள். இரண்டு பேர் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் டீ குடிக்கப் போக முடிந்தது.