வளைகுடாவிலிருந்து லீவில் வந்து கார் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் கடற்கரை ஊர்களில் சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ வண்டி ஓட்டுபவர் இல்லாத தெரு அபூர்வம். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது சாலையின் வலப்பக்கம். இங்கே இரண்டுமே நேர்மாறு. (மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கும் நம்மைப் போலத்தான்.)

நெரிசலைக் கண்டுதான் பலரும் பயப்படுகிறார்கள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முன்னால் போகும் வண்டியே எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்டிவிடும். உண்மையான ஆபத்து காலிச் சாலையில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீக்கு நிறுத்திவிட்டு மறுபடி வண்டியை எடுக்கும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, யூ-டர்ன் அடித்த கையோடு, விடியுமுன் கிளம்பும்போது கவனம் வேண்டும். எதிரே ஆள் இல்லை, நடுவே தடுப்பும் இல்லை. வண்டி தானாக வலப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். எதிரே லாரியின் வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் உறைக்கும். அந்தப் பதற்றத்திலும் கை பழைய பழக்கத்தில் இன்னும் வலப்பக்கமே ஒடிக்கும். லாரி வருவதும் அந்தப் பக்கம்தான். ஆகவே சந்தேகம் வந்தால் பிரேக், பிறகு இடப்பக்கம். இதை முன்கூட்டியே மனதில் ஏற்றி வையுங்கள்.

குழம்பாமலிருக்க ஒரே அடையாளம் போதும். ஓட்டுகிறவர் சாலையின் நடுப்பக்கம், பக்கத்து சீட்டுக்காரர் ஓரப்பக்கம். சவூதியானாலும் சாயல்குடியானாலும் இது மாறாது. நீங்கள் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தால் தப்பான பக்கத்தில் போகிறீர்கள்.

இரண்டாவது தவறு, வண்டி இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போவது. இத்தனை வருஷம் வண்டியின் உடல் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தது. இப்போது முழுவதும் இடப்பக்கம். கண்ணுக்குப் பழகிய இடத்தில் உங்களை வைத்துக்கொண்டால், இடப்பக்க டயர் தாரை விட்டு மணலில் இறங்கிவிடும். இறங்கியதும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று வலப்பக்கம் இழுப்பதுதான் வண்டியைக் கவிழ்க்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் குறைந்தபின் மெல்ல மேலே ஏற்றுங்கள். முதல் சில நாள் இடப்பக்கக் கண்ணாடியில் ஓரத்து வெள்ளைக்கோட்டை அடிக்கடி பாருங்கள். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஒதுங்க மண் ஓரமே கிடையாது. வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகளும் ஆட்களும் நிற்பார்கள். அங்கே முதல் பாடம் படிக்க வேண்டாம்.

அரிச்சல்முனையில் தூண் நிற்கும் ரவுண்டானாவில் பலருக்குக் கை தடுமாறும். வளைகுடாவில் ரவுண்டானாவை இடப்பக்கம் வைத்துச் சுற்றுவார்கள். இங்கே அது உங்கள் வலப்பக்கம் இருக்கவேண்டும். கோயில் பிரகாரம் சுற்றும் திசைதான்.

ஓவர்டேக் செய்யும்போது அங்கே இடப்பக்கக் கண்ணாடி, இங்கே வலப்பக்கக் கண்ணாடி. பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்துவிட்டு ஏறினால், வலப்பக்கம் வரும் பைக் கண்ணில் படாது. அதோடு, அங்கத்திய நெடுஞ்சாலையில் எதிர் வண்டி தடுப்புக்கு அப்பால் போகும். நம் கடற்கரைச் சாலையில் நேர் எதிரே வரும். அந்த வேகக் கணக்கை இங்கே போடக்கூடாது.

இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடுவது சின்ன விஷயம். மாருதி, ஹூண்டாயில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் வரிசை மாறாது. கியர் மட்டும் இடக்கைக்கு வரும். முதல் கியர் உடம்பை விட்டுத் தள்ளிப் போகும். வீட்டு வாசலில் நின்றபடியே பத்துத் தடவை போட்டுப் பாருங்கள்.

நடந்து சாலையைக் கடக்கும்போதும் முதலில் வலப்பக்கம் பாருங்கள். பிள்ளையைக் கையில் பிடித்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

மதுரையிலோ திருச்சியிலோ விமானம் இறங்கிய இரவே ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். அழைக்க வந்த மச்சானே ஓட்டட்டும். மறுநாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் “இடப்பக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். லீவு முடிந்து திரும்பிப் போனதும் முதல் வாரம் இதே கவனம் அங்கேயும் வேண்டும், பக்கம் மட்டும் மாறும்.