இறக்கி ஏற்றிய இன்ஜின்: பழைய சொகுசு கார் வாங்கும் முன்

கோவை கணபதியில் 26 ஆண்டுகளாக இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். ரீபோரிங், கிராங்க் கிரைண்டிங், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் தளம் சீவுவது, இவைதான் என் தொழில். சென்ற ஐப்பசியில் அக்கா மகன் கைபேசியில் ஒரு படத்துடன் வந்து நின்றான். ஏழு வருடம் ஓடிய ஜெர்மன் டீசல் கார்.

"மாமா, ஒன்பது லட்சம் சொல்கிறார்கள். இன்ஜின் வேலை முழுதாக முடித்துவிட்டார்களாம். இனிப் பத்து வருடத்துக்குக் கை வைக்க வேண்டாமாம்."

"இன்ஜினை எதற்காக இறக்கிப் பிரித்தார்கள்?"

"அதைக் கேட்கவில்லை மாமா."

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இறக்கி ஏற்றிய இன்ஜின் என்பதற்காக நான் எந்த வண்டியையும் ஒதுக்கச் சொல்வதில்லை. அளவு எடுத்து, தேவையான பாகத்தை மாற்றிச் சேர்த்த இன்ஜின் நன்றாக உழைக்கும். எதற்காக இறக்கினோம் என்று சொல்லத் தெரியாத இன்ஜின்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

சில வேலைகள் நடந்திருப்பது உங்களுக்கு லாபம். செங்கல்பட்டு அருகே 2007இல் உற்பத்தியைத் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்ட 320டி கார்கள் பழைய வண்டிச் சந்தையில் நிறைய உண்டு. 2015க்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின் இருக்கும். பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கச் செய்யும் அதன் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை. ஃப்ளைவீல் பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்த செயினை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸைக் கழற்றியாக வேண்டும்; பல பட்டறைகள் இன்ஜினையே இறக்கிவிடும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டு, ஓடும்போது செயின் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும். அதன் பிறகு ஹெட் முழுவதும் வேலை. ஆகவே "சத்தம் கேட்டது, அறுவதற்கு முன்பே செயினை மாற்றிவிட்டோம்" என்று ஒருவர் பில்லோடு சொன்னால், அந்தச் செலவை அவர் உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

தண்ணீர் குடித்த இன்ஜின் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறிய பிறகு சாவியைத் திருப்பினால், மேலே வரும் பிஸ்டனால் தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டாத சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அதனால்தான் இந்த வண்டிகளில் அரைகுறை வேலை பார்த்து விற்றுவிடுகிறார்கள். கண்ணுக்கு வளைவு தெரிந்த ஒரு ராடை மட்டும் மாற்றிவிட்டு, லேசாக வளைந்ததை அப்படியே விடுவார்கள். சில மாதம் ஓடும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ராட் உடைந்து, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அப்படி ஓட்டை விழுந்த பிளாக்குகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. சரிசெய்ய வழியில்லை என்று நான் சொல்லும்போது வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

காரணத்தைக் கேட்டபின் பில்லைக் கேளுங்கள். "இன்ஜின் வேலை – 2,40,000" என்று ஒரே வரியில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நல்ல பில்லில் சில்லறைச் சாமான்கள் இருக்கும். நான் முதலில் தேடுவது போல்ட்டை. இந்தக் கார்களில் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும்படி செய்யப்பட்டவை. ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஹெட் இறக்கியதாகச் சொல்லி, பில்லில் புது போல்ட் இல்லையென்றால் பழையதையே முறுக்கியிருக்கிறார்கள். கேஸ்கட், ஆயில் சீல், ஃபில்டர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். பாகங்களின் எண்ணும், வேலை நடந்தபோது ஓடியிருந்த கிலோமீட்டரும் இருந்தால் இன்னும் நல்லது.

காப்பீட்டுத் தாளையும் வாங்கிப் பாருங்கள். இழப்பீடு கேட்காதவருக்கு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். பல வருடமாக அதே உரிமையாளரிடம் இருக்கும் வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால், சென்ற வருடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவரே அண்மையில் வாங்கிய வண்டி என்றால் பூஜ்யம் இயல்புதான். தள்ளுபடி ஆளோடு போகும், வண்டியோடு வராது. ஆர்சியில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாக்கையே மாற்றியிருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். இதில் குழப்பம் இருந்தால் மேலே பேச வேண்டாம்.

வண்டியைப் பார்க்க விடிந்ததும் போங்கள். நானும் மருமகனும் ஆறரை மணிக்குப் போனபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகச் சூடுபண்ணி வைத்தேன்" என்றார் விற்பவர். மறுநாள் வருகிறோம், நாங்கள் வரும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லித் திரும்பினோம். செயின் தேய்ந்த சத்தம் குளிர்ந்த இன்ஜினில், முதல் சில நொடிகளில்தான் தெளிவாகக் கேட்கும். பானெட்டில் கை வைத்துச் சூடில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒருவர் சாவி போட, இன்னொருவர் கியர்பாக்ஸ் பக்கம் காதை வையுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, விடாமல், இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

மறுநாள் அந்த வண்டி நல்லபடியாகத்தான் ஸ்டார்ட் ஆனது. டார்ச் அடித்து அடியில் பார்த்தேன். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப் பொருந்தும் கோடு முழுவதும் சாம்பல் நிறப் பசை விரலளவு பிதுங்கிக் காய்ந்திருந்தது. வெளியே இவ்வளவு பிதுங்கினால் உள்ளேயும் அவ்வளவு பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. மூன்று போல்ட்டுகளின் தலை முனை மழுங்கியிருந்தது. பொருந்தாத ஸ்பேனர் போட்ட அடையாளம்.

வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினோம். பிழை எதுவும் காட்டவில்லை. பிழைகளை அழித்தபின் ஓடிய தூரம் என்று ஒரு கணக்கும் அதில் உண்டு. அது 12 கிலோமீட்டர் என்று காட்டியது; அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள். பிழை இல்லை என்றதும் பலர் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். இந்தக் கணக்கையும் பார்க்காமல் கழற்றாதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். நான்கில் மூன்று சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 15 சதவீதம் குறைவு. குளோ பிளக் துளை வழியே சிறிய கேமராவை விட்டேன். பிஸ்டன் வளையம் எட்டாத மேல்விளிம்பில் கரி ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். மற்ற மூன்றிலும் மெல்லிய கோடு. மூன்றாவதில் கண்ணுக்கே தெரியும்படி அகலம். பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறவில்லை, ராட் வளைந்து குட்டையாகிவிட்டது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், அழுத்த விகிதம் 16க்கு 1 என்று வைத்துக்கொண்டால், உச்சியில் மிஞ்சும் இடம் 6 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சமம். ராட் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அந்த விகிதம் 14க்கும் கீழே இறங்கிவிடும்.

"இது தண்ணீரில் நின்ற வண்டியா?" என்று விற்பவரிடம் கேட்டேன். தனக்கு முன் வைத்திருந்தவரைத்தான் கேட்க வேண்டும் என்றார். கிளம்பிவிட்டோம்.

அடுத்த மாதம் ஈரோட்டில் ஒரு மருத்துவரின் 2013 மாடல் 320டி கிடைத்தது. 92,000 கிலோமீட்டரில் செயின் மாற்றியதற்கு நான்கு பக்க பில் வைத்திருந்தார். செயின், அதன் வழிகாட்டிகள், டென்ஷனர், பின்புற ஆயில் சீல், போல்ட்டுகள் ஆகியவற்றின் பட்டியலே ஒரு பக்கம். இன்ஜின் வேலை பார்த்த வண்டி என்பதைச் சொல்லி விலை குறைக்க நினைத்தான் மருமகன். நான் தடுத்தேன். ஒழுங்காகச் செலவு செய்தவரிடம் அதையே குறையாகச் சொல்வது நியாயமில்லை. டயர் தேய்ந்திருந்ததற்கு மட்டும் குறைத்துக் கேட்டோம், ஒப்புக்கொண்டார். இரண்டு லட்சத்தை வண்டிக்கென்றே வங்கியில் ஒதுக்கி வைத்த பிறகுதான் முன்பணம் கொடுக்கச் சொன்னேன். அந்த இருப்பு இல்லாதவர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த ரகக் காரை வாங்கக் கூடாது.

வாங்கியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினோம். கழற்றிய ஃபில்டர் காகிதத்தை அறுத்து, மடிப்புகளை விரித்து வெள்ளைத் துணியில் பரப்பிக் காந்தத்தை ஓட்டினேன். எதுவும் ஒட்டவில்லை. பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் வெயிலில் தூக்கிப் பிடித்து மினுக்கம் தெரிகிறதா என்றும் பார்த்தேன். இல்லை. அந்தக் காகிதத்தை ஒரு பையில் போட்டுத் தேதியும் கிலோமீட்டரும் எழுதி மருமகனிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஃபில்டரை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.