வாசகர் வட்டத்தோடு எழும்பூருக்கு

நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறீர்களா? ஒரு சந்திப்பை எழும்பூரில் வைத்துப் பாருங்கள். சென்னை அரசு அருங்காட்சியகமும் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

சோழர் காலக் கலை பற்றி எல்லோரும் ஒரே கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள். நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போய், திருவாலங்காடு நடராஜர் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். நடராஜரை வழக்கமாகச் சுற்றியிருக்கும் தீச்சுடர் வளையமான திருவாசி இந்தச் சிலைக்கு இல்லை. அதனாலேயே தூக்கிய காலும் நான்கு கைகளும் தனித்துத் தெரியும். சுற்றிவந்து பின்பக்கத்தையும் பாருங்கள். கோயிலில் அதற்கு வாய்ப்பே கிடைக்காது. அங்கே பேச்சு வேண்டாம், கண்ணில் பட்டதை ஆளுக்கு இரண்டு வரி குறித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் வெளியே மரநிழலில் உட்கார்ந்து, கட்டுரை சொன்னதும் கண் பார்த்ததும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே இடிக்கின்றன என்று பேசுங்கள். கூச்சப்பட்டு வாயே திறக்காதவர்கள்கூட இப்படிப் பேசத் தொடங்குவார்கள்.

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். அமராவதிச் சிற்பங்களுக்கும் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களுக்கும் தனித்தனி நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.