தலைநகரை முதலில் வரையாதீர்கள்: கெல்டிய சாயலில் ஒரு கற்பனை நாட்டை உருவாக்கும் வழி

கதைக்கோ விளையாட்டுக்கோ ஒரு கற்பனை நாடு வேண்டும், அது பழைய அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துச் சாயலில் இருக்க வேண்டும் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தாளின் நடுவில் ஒரு கோட்டையைப் போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். கோட்டைக்குள் ஒரு பேரரசர், சுற்றிலும் காடு, காட்டுக்குள் தாடி வைத்த மந்திரவாதி. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும். தண்ணீரை முதலில் வையுங்கள். மாட்டை இரண்டாவதாக, ராஜாவை மூன்றாவதாக. நகரம் கடைசியில் வரட்டும். கெல்டிய உலகத்துக்கு, அதாவது அயர்லாந்து, வேல்ஸ் தொடங்கி ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஒரே மொழிக் குடும்பத்தைப் பேசி வாழ்ந்த பழைய மக்களின் உலகத்துக்கு, இந்த வரிசைதான் பொருந்தும்.

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளை வைத்து ரோல்பிளே விளையாட்டு நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, பகடை, அவ்வளவுதான் செலவு. நாங்கள் விளையாடும் நாட்டுக்குத் தல்வென் என்று பெயர். அதைக் கட்டியபோது எது நின்றது, எதனால் கதை நகர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அயர்லாந்தின் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மலைகள் பெரும்பாலும் ஓரங்களில் இருக்கின்றன, நடுப்பகுதி தாழ்வு. சாப்பாட்டுத் தட்டு மாதிரி விளிம்பு உயர்ந்து நடு பள்ளமாக இருப்பதால் பெய்த மழை சட்டென்று கடலுக்குப் போக முடிவதில்லை. ஏரியாகத் தேங்குகிறது, சதுப்பாக ஊறுகிறது. சுமார் 360 கிலோமீட்டர் ஓடும் ஷானன் ஆறு ஒவ்வொரு ஏரியாக நிறைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கடலுக்குப் போகிறது. தல்வெனிலும் இதையே எடுத்துக்கொண்டோம். விளிம்பில் உயரம் குறைந்த மலைகள், நடுவில் ஒரு பெரிய சதுப்பு, அதைச் சுற்றிக்கொண்டு மேற்கே இறங்கும் நெவ்ரா என்ற ஆறு. ஆற்றுக்கு ஒரு பெண் தெய்வத்தின் பெயரை வையுங்கள். ஷானன், பாயின் இரண்டுமே அப்படிப் பெயர் பெற்றவைதான்.

சதுப்பை வெறும் பச்சைப் புள்ளிகளாக விட்டுவிடாதீர்கள். இந்த நாட்டின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. அங்கே மக்கிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து விறகுக்குப் பதிலாக எரிக்கிறார்கள். உள்ளே காற்று போகாததால் புதைத்த பொருள் அழுகாது. அயர்லாந்தில் நூற்றாண்டுகளுக்கு முன் மரக்குடத்தில் போட்டுப் புதைத்த வெண்ணெய் இன்றும் மண் வெட்டுகிறவர்கள் கையில் கிடைக்கிறது. லாங்ஃபோர்ட் மாவட்டத்தில் கோர்லே என்ற இடத்தில் ஓக் பலகைகளை நெருக்கமாக அடுக்கிச் சதுப்பின் குறுக்கே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். மர வளையங்களை வைத்து அதன் காலம் கி.மு. 148 என்று கண்டிருக்கிறார்கள். அத்தனை மரத்தை வெட்டிப் போட்ட பாதை தன் பாரத்திலேயே சீக்கிரம் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. தல்வெனில் அப்படி ஒரு பலகைப் பாதையை வையுங்கள். அதைப் பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று இரண்டு குலங்கள் அடித்துக்கொள்ளட்டும். ஒரு மாதத்துக்கு விளையாடலாம்.

கடற்கரை விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. காசிமேட்டிலிருந்து மேலே போனால் கரையோரம் கொட்டி வைத்திருக்கும் கருங்கற்கள் அதற்காகத்தான். எண்ணூரில் முகத்துவாரம் மணலால் மேடிட்டால் படகு வெளியே போக முடியாது. ஆகவே உங்கள் வரைபடத்தில் ஒரு துறைமுகத்தை வைத்த அடுத்த நிமிடமே மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். அம்பு தடுக்கப்படும் பக்கத்தில் புதிய கரை வளரும், மறுபக்கத்தில் ஒரு மீனவர் குப்பம் கடலுக்குப் போகும். அந்தக் குப்பத்தின் கோபம் நாட்டின் அரசியலுக்குள் வரத்தான் செய்யும்.

இப்போது மாடு. பழைய அயர்லாந்தில் சொத்தைக் கறவைப் பசுக் கணக்கில்தான் சொன்னார்கள். தலைவன் என்பவன் மாடு கடன் கொடுக்கிறவன். வாங்கியவன் தானியமும் இறைச்சியும் திருப்பிக் கொடுப்பான், கூப்பிட்டால் சண்டைக்கு வருவான். பக்கத்து நாட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது இளம் தலைவனின் முதல் வேலை. இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், கரந்தை என்றால் மீட்டல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். மாட்டுக்காகச் செத்தவனுக்கு நடுகல் வைத்த ஊர் நம்முடையது. அந்தப் பழைய பாடத்தைத் தூசி தட்டி எடுங்கள். இங்கிலீஷ் கற்பனைக் கதைகளைப் பார்த்து எழுதுவதைவிட இது உங்களை நேராக விஷயத்துக்கு அழைத்துப் போகும்.

ராஜா எத்தனை பேர்? நிறைய. இடைக்காலத் தொடக்கத்தில் அயர்லாந்தில் ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசர்கள் இருந்தார்கள். தூவத் என்கிற சின்ன நாட்டுக்கு ஒரு அரசன், சில அரசர்களுக்கு மேல் ஒரு பெரிய அரசன், அவருக்கும் மேல் ஒருவர். எல்லோருக்கும் மேலே தாரா குன்றின் அரசன் என்ற பெருமை. அந்தப் பெருமைக்குச் சண்டை நடந்ததே தவிர, அங்கே உட்கார்ந்து தீவு முழுக்க வரி வசூலித்தவர் இல்லை. நம் வேளிர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலை, முந்நூறு ஊர், ஒரு பாரி. தல்வெனை நாங்கள் பதினொரு சின்ன நாடுகளாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய அளவு. அளவு சின்னதாக இருந்தால் அரசனைத் தெருவில் பார்க்க முடியும், அவனிடம் சண்டை போட முடியும்.

ஒவ்வொரு சின்ன நாட்டுக்கும் ஒரு மரம் கொடுங்கள். அயர்லாந்தில் அரசன் பதவியேற்ற இடத்தில் புனித மரம் நின்றது. தால் காஸ் குலத்தின் மரத்தை எதிரி அரசன் வெட்டிச் சாய்த்ததை அந்த நாட்டு ஆண்டுக்குறிப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் காவல்மரத்தை வெட்டுவதும் அதே அவமானம்தான்.

வாரிசு விஷயத்தில் மூத்த மகன் என்ற பேச்சே வேண்டாம். ஒரே கொள்ளுத் தாத்தாவின் வழி வந்த ஆண்களில் தகுதியானவரைக் குலம் தேர்ந்தெடுக்கும். அரசன் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவரை அறிவித்துவிடும் வழக்கமும் இருந்தது. அவருக்குத் தானிஷ்டே என்று பெயர். இன்றைய அயர்லாந்தின் துணைப் பிரதமருக்கும் அதே பட்டம்தான். பெரியப்பா மகன், சித்தப்பா மகன், எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால் நம் வீட்டுக் கல்யாணங்களில் நடக்கும் அரசியலை அப்படியே உள்ளே கொண்டு வந்துவிடலாம். இன்னொரு விதியும் உண்டு: அரசன் உடலில் ஊனம் இருக்கக்கூடாது. புராணத்தில் நுவாதா என்ற அரசன் போரில் கையை இழந்ததால் அரசையும் இழந்தான். பிறகு வெள்ளிக் கை செய்து பொருத்தினார்கள். இன்றைக்கு இது அநியாயமான விதி. அதனாலேயே அதை எதிர்க்கிற ஒரு பாத்திரத்துக்கு இடம் இருக்கிறது.

சட்டத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள். சட்டம் பெரும்பாலும் பிரெஹன் என்கிற சட்டம் படித்தவர்கள் கையில் இருந்தது, அரசன் நினைத்ததெல்லாம் சட்டமாகவில்லை. போலீஸ் கிடையாது, ஜெயில் தண்டனையும் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் அந்தஸ்துக்குத் தகுந்த மானவிலை உண்டு. காயப்படுத்தினாலும் அவமானப்படுத்தினாலும் அதைக் கணக்கிட்டு ஈடு கட்ட வேண்டும், உறவினர்கள் பிணை நிற்பார்கள். சரி, கடன்பட்டவன் பெரிய இடத்து ஆளாக இருந்தால் சாதாரண ஆள் என்ன செய்வது? அவன் வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்கலாம். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. உள்ளே இருக்கிறவர் பிணை கொடுத்துப் பேச்சுக்கு வர வேண்டும். கண்டுகொள்ளாமல் சாப்பிட்டால் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

எங்கள் விளையாட்டில் எட்டாவது படிக்கிற ஒரு பெண் மீன் விற்கிறவளின் பாத்திரத்தை எடுத்திருந்தாள். அவளுடைய ஒரே கறவை மாட்டைத் தலைவன் ஓட்டிப் போய்விட்டான். அவள் முதலில் கத்தி வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். நான் இந்தச் சட்டத்தைச் சொன்னதும் கத்தியை விட்டுவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தலைவன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே விருந்து. தலைவனாக விளையாடிய பையன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, நான் இப்ப சாப்ட்டா என்ன ஆவும்?” என்றான். “ரெண்டு மாடு குடுக்கணும்.” “சாப்டலன்னா?” “பிணை குடுத்துட்டு அவகூடப் பேச உக்காரணும்.” அவன் விருந்தாளிகளாக இருந்த மற்ற பிள்ளைகளைப் பார்த்தான். அவர்கள் எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டதாக அறிவித்தார்கள். வாள் ஒன்றுகூட உருவப்படவில்லை, ஆனால் அன்றைக்கு யாரும் மாடியை விட்டு இறங்கவில்லை. வடக்கிருந்து உயிர் விட்ட கோப்பெருஞ்சோழனின் ஊர்க்காரர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடாமல் இருப்பதன் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

புலவர்களை மறக்காதீர்கள். மிக உயர்ந்த நிலைப் புலவருக்கு ஒரு சின்ன நாட்டு அரசனுக்குரிய மானவிலை இருந்தது. மற்றவர்கள் தங்கள் நாட்டு எல்லையைத் தாண்டினால் உரிமை இழந்துவிடுவார்கள், புலவர் தாண்டலாம். அவர் வசை பாடினால் அரசன் முகத்தில் கொப்புளம் வரும் என்று நம்பினார்கள். முகத்தில் கொப்புளம் என்றால் ஊனம், ஊனம் என்றால் பதவி போச்சு. நாடு முழுக்கச் சுற்றுகிற பாத்திரம் உங்களுக்கு வேண்டுமென்றால் வீரனைவிடப் புலவர் நல்லவர். கெல்டியரின் பூசாரிகளான துரூயிதுகளை அளவாகப் பயன்படுத்துங்கள். அவர்களில் சிலர் இருபது வருடம் வரை மனப்பாடமாகப் படித்தார்கள், வழக்கும் தீர்த்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார்.

அரசர்களே வேண்டாம் என்கிறவர்களுக்கும் கெல்டிய முன்மாதிரி உண்டு. இன்றைய பிரான்சில் இருந்த ஏடுயி மக்கள் ஒரு வருடத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக் காலத்தில் அவர் நாட்டு எல்லையைத் தாண்டக்கூடாது. இன்றைய துருக்கியில் குடியேறிய கலாத்தியர்கள் மூன்று குலம், குலத்துக்கு நான்கு பிரிவு என்று பிரித்துக்கொண்டு, முந்நூறு பேர் கொண்ட மன்றத்தை ஒரு பொது இடத்தில் கூட்டினார்கள்.

கடைசியில் நகரம். பழைய அயர்லாந்தில் நகரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மண்கரை சுற்றிய வட்ட வீட்டு வளாகங்கள் பல்லாயிரம் இருந்தன, ஏரிக்குள் செயற்கைத் தீவு வீடுகள் இருந்தன, பெரிய மடங்களைச் சுற்றிச் சந்தை கூடியது. டப்ளின் 841-இல் வைகிங்குகள் என்கிற வடக்கத்திக் கடற்கொள்ளைக்காரர்கள் கப்பலைக் கரையேற்றிப் போட்ட முகாமிலிருந்து வளர்ந்தது. இதை நாங்கள் சீக்கிரம் புரிந்துகொண்டோம். 1639-க்குப் பிறகு கடல் வழியே வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்ட, அதன் வடக்கே நெசவாளரும் வியாபாரியும் வந்து சேர்ந்து உருவான ஊரின் பிள்ளைகள்தானே நாங்கள்.

ஆகவே நாட்டின் பெரிய ஊர் அந்நியர் கட்டியதாக, ஆற்று முகத்தில் இருக்கட்டும். அதில் யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பாரிமுனையில் 1773-இல் நட்ட எல்லைத்தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. கோட்டைப் பீரங்கிக்கு மறைப்பு வரக்கூடாதென்று அந்தக் கோட்டுக்கு உள்ளே வீடு கட்டவிடவில்லை. கம்பெனித் துணியை வெளுக்கத் தண்ணீரும் வெட்டவெளியும் தேவைப்பட்டதால் வண்ணாரப்பேட்டை வந்தது. அதே மாதிரி ஒரு கோடு, ஒரு தொழில், ஒரு தண்ணீர் இருந்தால் உங்கள் நகரத்துக்குத் தெருக்கள் கிடைத்துவிடும். இரண்டாவது ஊரை மலை மேல் வையுங்கள். ஏடுயி மக்களின் பிப்ராக்தே அப்படித்தான் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம், முகப்பில் கல், நடுவில் மண் வைத்துக் கட்டிய மதில் அதற்கு. மூன்றாவது, ஒரு கோயில் ஊர். அதற்கு மேல் நகரம் வேண்டாம்.

ஊர்ப் பெயருக்கு ஒரு மொழிக் கிளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் பாணி என்றால் ஆற்று முகத்து ஊர் அபரில் தொடங்கும், கோட்டை கைரில் தொடங்கும். அயர்லாந்து பாணி என்றால் கோட்டைக்குத் தூன், தீவுக்கு இனிஷ். எல்லைப்புறத்தில் மட்டும் இரண்டையும் கலக்கலாம். எழுதியதைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திக்கினால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒரு பெண்ணைச் சதுப்பின் கிழக்குக் கரையிலிருந்து துறைமுக ஊருக்கு ஒரு பசுவை ஓட்டிப் போகச் சொல்லுங்கள். மே முதல் தேதி பெல்டேன் திருவிழா, மாடுகள் மலை மேய்ச்சலுக்கு ஏறும் காலம். நவம்பர் முதல் தேதி சாவின் திருவிழா, கீழே இறங்கும் காலம். அவள் எந்த மாதத்தில் கிளம்புகிறாள்? பலகைப் பாதையில் யார் காசு கேட்கிறார்கள்? எத்தனை அரசர்களின் எல்லையைத் தாண்டுகிறாள், அங்கே அவளுக்குப் பிணை நிற்பது யார்? மாடு வழியில் திருடு போனால் யார் வாசலில் உட்காருவாள்? பதில் வராத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.